வெப்பத்தை இறைக்கும் பொறி

கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே ஏறி வராது. வாளியால் இறைக்கிறோம், அல்லது பம்பு வைத்து ஏற்றுகிறோம். வெப்பத்தையும் இவ்வாறே ஓரிடத்திலிருந்து இறைத்து வேறோர் இடத்தில் கொட்ட முடியும். இதைச் செய்யும் பொறியை வெப்பப் பம்பு என்கிறோம்.

இது நமக்குப் புதியதன்று. நம் வீட்டு ஐஸ்பெட்டியும் ஒரு வெப்பப் பம்புதான். உள்ளே வைத்த பொருளின் சூட்டை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள் அல்லவா?

ஐரோப்பாவின் வடக்கே உள்ள சுவீடன் நாட்டில், குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்துவிடும். வீட்டைச் சூடாக்காமல் அங்கே வாழ இயலாது. முன்பு பல வீடுகளில் இதற்காக எண்ணெய் எரித்தார்கள். 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும் வேறு வழி தேடினார்கள். வழி அவர்கள் காலடியிலேயே இருந்தது.

நிலத்தின் மேல் பனி கிடந்தாலும், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணும் பாறையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். அது அவ்வூரின் ஓராண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியிருக்கும். தலைநகர் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் அது 7, 8 பாகை செல்சியஸ்.

வீட்டருகே 100 முதல் 200 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுக் குழாய் இறக்குகிறார்கள். குழாயில் உறையாத நீர்க்கலவை ஓடி, பாறையின் சூட்டை வாங்கி வருகிறது. வீட்டிலுள்ள பொறியில், மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஒரு திரவம் அச்சூட்டை வாங்கி ஆவியாகிறது. ஆவியை அழுத்தினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதும் காற்று அழுத்தப்படுவதால்தான். அந்தச் சூடு வீட்டுக்குள் பாய்கிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைக்கிறது. கோடையில் வீட்டின் சூட்டை மண்ணுக்கே திருப்பி அனுப்பவும் முடியும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஹைன்ரிச் ஸோல்லி 1912-இலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

‘நாமும் நம் வீட்டுக்கு ஒன்று வைத்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். மலேசியாவின் தாழ்நிலங்களில் ஆழத்து மண்ணும் ஏறக்குறைய 27, 28 பாகையில்தான் இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் தேவையும் நமக்கில்லை. ஆண்டு முழுவதும் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தால் குழாயைச் சுற்றிய மண்ணும் சூடேறிவிடும். துளையிடும் செலவு சிறிய வீட்டுக்குக் கட்டுபடியாகாது.

ஆயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. இன்று தவணையில் வாங்கி மாட்டும் குளிர்சாதனப் பொறியும் ஒரு வெப்பப் பம்பே. அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே வந்த சூட்டை வெளியே இறைக்கிறது. நடுப்பகலில் தகரக் கூரை 60 பாகைவரை கொதிக்கும்போது, மேலே தடுப்பு ஏதுமில்லாவிட்டால், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்த கதைதான். பொறி ஓயாமல் ஓடும். மின்சாரக் கட்டணம் ஏறும். பிள்ளையின் டியூஷனுக்கு வைத்த பணம் அதற்கே போய்விடும்.

எனவே, பொறி வாங்குமுன் ஓட்டையை அடையுங்கள். கூரைக்குக் கீழே பலகை அடித்து, அதன்மேல் பளபளக்கும் வெப்பத் தடுப்புத் தாளை விரியுங்கள். கூரைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் போக வழி விடுங்கள். கூரைக்கு வெள்ளைச் சாயம் பூசுங்கள். மாலை வெயில் அறையும் மேற்குச் சுவருக்குப் பந்தலிட்டு அவரையோ பாகலோ ஏற்றுங்கள். பிற்பகலில் அப்பக்கத்துச் சன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்தபின் எல்லாச் சன்னல்களையும் திறவுங்கள்.

இவற்றைச் செய்தபின் பல வீடுகளுக்கு ஒரு காற்றாடியே போதும். அதற்கு மேலும் குளிர்சாதனப் பொறி தேவைப்பட்டால், சிறியதே போதுமானதாக இருக்கும். மாலையில் பிள்ளைகள் வியர்வை வழியாமல் அமர்ந்து படிப்பார்கள். அடுத்த பங்குனி வெயிலுக்கு முன் முதலில் கூரையைக் கவனியுங்கள்.