நூறாண்டு வாழ்ந்த அன்னை அஸ்மா (ரலி)

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் நின்று நிலவட்டுமாக!

 

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மூதாட்டி இருப்பார். தஹஜ்ஜுத் நேரத்தில் வீட்டில் முதல் விளக்கு எரிவது அவருடைய அறையில்தான். அவர் மவ்த்தான பிறகே, அந்த வீட்டைத் தாங்கி நின்ற தூண் எது என்று நமக்கு விளங்குகிறது. அத்தகைய தாய்மார்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கிய ஒரு ஸஹாபியப் பெண்மணியை இன்று நினைவுகூர விரும்புகிறேன். அவர்தாம் ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார் அஸ்மா (ரலி) அவர்கள்.

ஹிஜ்ரத்திற்கு ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு முன் மக்காவில் பிறந்து, ஹிஜ்ரி 73-இல், அதாவது கி.பி. 692-இல், வஃபாத்தானார்கள். நூறாண்டை எட்டிய அந்த வயதிலும் பல் ஒன்றும் விழவில்லை, அறிவும் மங்கவில்லை என்று அறிவிக்கப்படுகிறது.

கி.பி. 622-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, வழி உணவைக் கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை. அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். ‘தாதுந் நிதாகைன்’, இரு கச்சைகளுக்கு உரியவர், என்ற சிறப்புப் பெயர் அதனால் வந்தது. தந்தையோ வீட்டிலிருந்த ஐயாயிரம், ஆறாயிரம் திர்ஹம்களையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கண் பார்வையற்ற பாட்டனார் அபூகுஹாஃபா பதறி வந்து, பிள்ளைகளுக்கு ஏதும் வைக்காமல் போய்விட்டானோ என்று வினவினார். அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கித் துணியால் மூடி, அவருடைய கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். முதியவரின் மனம் அமைதியடைந்தது. உண்மையில் வீட்டில் ஒரு காசும் இல்லை. முதியவரின் கலக்கத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்ட பேத்தி அவர்.

மதீனா வாழ்வும் எளிதாக அமையவில்லை. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஒட்டகமும் தவிர வேறு செல்வம் இல்லை. குதிரைக்குத் தீனி வைத்ததும், தண்ணீர் சுமந்ததும், கிழிந்த தோல்வாளியைத் தைத்ததும், மாவு பிசைந்ததும் அஸ்மா (ரலி) அவர்களே. ரொட்டி சுட மட்டும் அவர்களுக்குச் சரியாக வராது. அண்டை வீட்டு அன்சாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். பின்னர் தந்தையார் ஒரு பணியாளை அனுப்பிக் குதிரையின் பொறுப்பை ஏற்கச் செய்தபோது, தமக்கு விடுதலை கிடைத்தது போலிருந்தது என்று மனம் திறந்து கூறினார்கள். பொறுமைசாலிகளுக்கும் முதுகு வலிக்கும் என்பதை ஆண்களாகிய நாம் மறந்துவிடலாகாது.

அவர்களுடைய மதிநுட்பத்திற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏழை ஒருவர், அவர்களின் வீட்டு நிழலில் அமர்ந்து வியாபாரம் செய்ய அனுமதி கேட்டார். கணவர் ரோஷம் மிகுந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, கணவர் இருக்கும்போது வந்து கேட்குமாறு அந்த ஏழையிடம் சொல்லி அனுப்பினார்கள். அவரும் அவ்வாறே வந்தபோது, மதீனாவில் என் வீட்டை விட்டால் வேறு இடமில்லையா என்று கடிந்தார்கள். உடனே ஸுபைர் (ரலி) அவர்கள், ஓர் ஏழையை ஏன் தடுக்கிறாய் என்று பரிந்து பேசினார்கள். ஏழைக்கு இடமும் கிடைத்தது, கணவரின் மனமும் நோகவில்லை.

இணைவைப்பில் இருந்த தாயார் குதைலா மதீனாவுக்கு மகளைக் காண வந்தபோது, பாசத்தையும் மார்க்கத்தையும் எவ்வாறு இணைப்பது என்று பெருமானாரிடம் கேட்டுத் தெளிந்தார்கள். தாயோடு உறவு பேணுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிற சமயத்தாரோடு கலந்து வாழும் நமக்கு இது பெரும் வழிகாட்டுதல் அன்றோ!

பிற்காலத்தில் கணவருடன் மணவிலக்கு ஏற்பட்டது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுடன் வாழ்ந்தார்கள். ஆயினும் அவர்களின் மதிப்பு குன்றவில்லை. கையில் கிடைத்ததை நாளைக்கென்று வைக்காமல் வழங்கிவிடுவார்கள். மற்றொரு மகனார் உர்வா (ரஹ்), மதீனாவின் ஏழு ஃபகீஹ்களுள் ஒருவராக விளங்கினார்கள். பேத்தி ஃபாத்திமா பின்த் முன்திர் (ரஹ்) பாட்டியாரிடம் கேட்ட ஹதீஸ்களை அறிவித்தார்கள். அவர்கள் வாழ்ந்த வீடே ஒரு மதரஸா!

ஹிஜ்ரி 73-இல் ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. எழுபதைக் கடந்த மகன், கலீஃபாவாக இருந்தவர், பார்வை இழந்த தாயிடம் ஆலோசனை கேட்க வந்தார். நீ சத்தியத்தில் இருப்பதை அறிந்தால் அதிலேயே உறுதியாக நில் என்பதே தாயின் கருத்து. மகன் ஷஹீதாக்கப்பட்டார், உடல் தொங்கவிடப்பட்டது. ஹஜ்ஜாஜ் ஆள் அனுப்பி அழைத்தான், அவர்கள் செல்லவில்லை. முடியைப் பிடித்து இழுத்துவரச் செய்வேன் என்று மிரட்டினான், அப்போதும் அசையவில்லை. இறுதியில் அவனே வந்தான். மகனின் இம்மையை நீ அழித்தாய், அவனோ உன் மறுமையை அழித்துவிட்டான் என்ற பொருள்பட முகத்திற்கு நேரே கூறினார்கள். அவன் மறுமொழியின்றி எழுந்து போனான். மகனை அடக்கிய சில நாட்களிலேயே அன்னையும் வஃபாத்தானார்கள்.

அன்பர்களே! இதை ஏன் இன்று சொல்கிறேன்? முன்பு நான் பணியாற்றிய ஊரில், எண்பது வயதைக் கடந்த ஒரு தாயார் பள்ளிவாசல் வாசலுக்கு வந்தார். கணவர் விட்டுச்சென்ற வீட்டில் தமக்குரிய எட்டில் ஒரு பங்கையும் மகள்களின் பங்கையும் பிரித்துத் தர வேண்டும் என்று கேட்டார். “மகனை அனுப்புங்கள், பேசிக்கொள்வோம்” என்றேன். மகன் வரவில்லை. அந்தத் தாயும் மறுபடி வரவில்லை. மறு ஆண்டு அவருடைய ஜனாஸாவை நானே தொழவைத்தேன். பங்கு பிரிக்கப்படாமலே இருந்தது. கலீஃபாவாக இருந்த மகன் தாயிடம் வந்து கேட்டார். கேட்டு வந்த தாயை நானோ மகனிடம் திருப்பி அனுப்பினேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஆகவே, இந்த மஹல்லாவில் பாகப்பிரிவினை பேசும்போது தாயையும் அழைத்துக் கேளுங்கள். அந்நிஸா அத்தியாயம் வரையறுத்த பங்கு நாம் இரங்கிக் கொடுக்கும் தர்மமன்று, அவர்களின் உரிமை. ஜமாஅத் அலுவலகத்திற்கு ஒரு பெண் வந்தால், அவருடைய சொல்லை அவர் வாயிலிருந்தே கேட்போம். தாய் மவ்த்தான பின் ஃபாத்திஹா ஓதுவது போலவே, உயிரோடிருக்கையில் அருகமர்ந்து பேசுவதும் நம் கடமையே.

வல்ல அல்லாஹ் மறைந்த நம் தாய்மார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! இருக்கும் தாய்மார்களுக்கு நலமான நீண்ட ஆயுளையும், அவர்களின் உரிமையைக் கொடுக்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.