தெர்மோஸ்டாட்டைத் திருகினா சீக்கிரம் காயுமா?

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஏசி ரிமோட்டை எடுத்து நேரா 16-ல வைக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான். ஆனா கதை தொடங்குறது போடிமெட்டுக்கு மேல இருக்கிற ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல.

எங்க ஊர் போடிநாயக்கனூர். வீட்டுக்கு ஹீட்டர் வாங்குற ஊரே இல்ல. ஆனா முந்தல் தாண்டி கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிட்டா, ராத்திரி முழுக்க ஒரு ரூமைச் சூடா வச்சிருக்கிறதுதான் பிழைப்பு. ஸ்டோர்னா கடை இல்ல, காய் உலர்த்துற கட்டடம்.

பறிச்ச பச்சைக்காயில சுமார் 80 சதவீதம் தண்ணி. அதை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டு வரணும். 100 கிலோ போட்டா கையில நிக்கிறது 20 கிலோ சொச்சம்தான், மீதி ஆவி. வெயில்ல காயப்போட்டா பச்சை நிறம் வெளுத்துடும். அதனாலதான் மூடின ரூம், 45-லிருந்து 55 டிகிரிக்குள்ள சூடு. விறகு ஸ்டோர்ல வெளியே அடுப்பு எரியும், உள்ளே தகரக் குழாய் வழியா சூடு ஓடும். 18-லிருந்து 24 மணி நேரம் ஒருத்தர் கண்முழிச்சு விறகு தள்ளணும். இப்போ நிறைய இடத்துல அந்த வேலையைத் தெர்மோஸ்டாட் பாக்குது.

காலேஜ் லீவுல ஒரு ராத்திரி அப்பா 50-ல வச்சுட்டு, "பாத்துக்கடா"ன்னு தூங்கப் போயிட்டார். வெளியே மழை, எனக்குத் தூக்கம். சீக்கிரம் காயட்டுமேன்னு 65-க்குத் திருகிட்டேன். காலையில பாத்தா பாதிக் காய் வெடிச்சு, நிறம் மஞ்சளடிச்சுக் கிடக்கு. ஏலத்துல வியாபாரி சாம்பிளைக் கொட்டினதும் முதல்ல பாக்குறது நிறத்தைத்தான். அப்பா திட்டல. விலை என்ன போச்சுன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலே தேவலாம்.

நான் பண்ண தப்பு என்னன்னா, தெர்மோஸ்டாட்டை ஆக்சிலரேட்டர்னு நினைச்சுட்டேன். அது வெறும் சுவிட்ச். ரூம் 30-ல இருந்தா, 50 வச்சாலும் 65 வச்சாலும் ஹீட்டர் அதே வேகத்துலதான் சூடேத்தும். எங்கே நிக்கணும்ங்கிறது மட்டும்தான் மாறும். சீக்கிரம் காயணும்னா முதல் சில மணி நேரம் ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு ஈரக்காத்தை வெளியே தள்ளணும். அப்புறம் மூடிடணும், இல்லாட்டி சூடெல்லாம் வெளியேதான் போகும். இன்னொண்ணு, சென்சாரை அடுப்புப் பக்கம் மாட்டினா ரூம் சூடாகிடுச்சுன்னு அது சீக்கிரமே அணைச்சுடும். தட்டுகளுக்கு நடுவுல இருக்கணும்.

ஏசியும் இதே கதைதான். இன்வர்ட்டர் ஏசி தானே வேகத்தை மாத்திக்கும், உண்மைதான். ஆனா கொதிக்கிற ரூம்ல 24 வச்சாலும் ஆரம்பத்துல அது முழு மூச்சா ஓடும். 2020-லிருந்து ஏசிகளை 24 டிகிரி டிஃபால்ட்டோடதான் விக்கணும்னு மத்திய அரசு விதியே இருக்கு. ஒவ்வொரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு எரிசக்தி சிக்கனப் பணியகம் சொல்லுது. 16-க்கும் 24-க்கும் நடுவுல எத்தனை டிகிரின்னு நீங்களே எண்ணிக்கோங்க.

எங்க ஸ்டோர்ல அந்தத் திருகு இன்னும் இருக்கு. 50-க்கு நேரா அக்காவோட நெயில் பாலிஷ்ல ஒரு சிவப்புக் கோடு. எனக்காகப் போட்டது.