தமிழ்த் திரையின் முதற் குரல்

காவிரிக் கரையிலுள்ள திருவையாறு சங்கீதத்தினாற் பெயர்பெற்ற ஊர். அவ்வூரிலே 1911 ஆம் ஆண்டிற் பிறந்தவர் டி. பி. ராஜலட்சுமி. விளையாட்டுப் பருவம் கடக்குமுன்னரே அவருக்கு மணம் நிகழ்ந்தது, அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியதோ 1929 இலேதான். தந்தையையும் இழந்து, தாயுடன் திருச்சிராப்பள்ளியை அடைந்த அச்சிறுமிக்குப் பாட்டு ஒன்றே கைம்முதலாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவினாற் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அந்தணர் குலத்துப் பெண்ணொருத்தி கூத்து மேடை ஏறுவதென்பது அந்நாளில் எளிதான காரியமா?

நாடகத்திலே பெற்ற புகழ் அவரைப் பம்பாய்க்கு அழைத்துச் சென்றது. எச். எம். ரெட்டி அங்கே உருவாக்கிய 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 ஆந் திகதி சென்னைக் கினிமா சென்ட்ரலில் வெளிவந்தது. தமிழிற் பேசிய முதற் படம் அதுவே. ஆயினும் அதனைத் தமிழ்ப் படமென்று முழுமனத்துடன் சொல்ல இயலாது; கதாநாயகன் தெலுங்கிலே பேச, நாயகி தமிழிலே மறுமொழி கூறினார்! கதை காளிதாசனுடையதாயிருக்க, காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டும் இடையிலே வந்தது. சபையோர் அதனையெல்லாம் குறையாகக் கொள்ளவில்லை. படச்சுருள் வைத்த பெட்டி சென்னைக்கு வந்தபோது, மக்கள் அதற்குத் தேங்காய் உடைத்து மலர் தூவினர் என்பர். 'சினிமா ராணி' என்ற பட்டமும் ராஜலட்சுமிக்கு வந்து சேர்ந்தது.

அவர் புகழோடு அமைந்துவிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாது, தாமே எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலை 1936 இல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். தயாரிப்பும் இயக்கமும் நாயகி வேடமும் அவருடையனவே. தென்னாட்டிலே படத்தை இயக்கிய முதற் பெண் அவர். காதலனை விட்டுப் பிறிதொருவனுக்கு மணமுடித்து வைக்கப்பட்ட பெண்ணொருத்தியின் நிலையே அதன் கதை. தம் விருப்பம் கேளாமலே மணமேடையில் அமர்த்தப்பட்ட ஒருவர் இக்கதையைத் தேர்ந்தது வியப்பன்று. தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார்.

சொந்தப் படங்களினாற் பொருள் நட்டமும் நேர்ந்தது. 1961 இற் கலைமாமணி விருது பெற்ற அவர், 1964 இற் காலமானார். தமிழ்த் திரையிலே முதன்முதல் ஒலித்த அக்குரலை இன்று கேட்க வழியில்லை. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் எஞ்சவில்லை.