டோக்கியோவில் ஒரு மஞ்சள் கோடு

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"நீங்களும் மாமியும் ஜப்பான் போய்விட்டு வந்திருக்கிறீர்கள், ஒரு அரைமணி நேரம் பேசுங்கோ" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். டோக்கியோவில் என்னென்ன பார்க்கலாம் என்ற பட்டியலை எந்த டிராவல்ஸ்காரரும் கொடுத்துவிடுவார். ஆகவே நான் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கண்பார்வை குறைந்துகொண்டே வரும் ஒருவருடன் அத்தனை பெரிய ஊரைச் சுற்றிப் பார்த்தது எப்படி என்பதுதான் அது. என் சகதர்மிணியின் சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு க்ளாக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிற வியாதி. முதலில் பக்கவாட்டுப் பார்வை போகும். நடுவில் இருப்பது தெளிவாகத் தெரிவதால் பல வருஷம் எதுவும் தெரியாது. அவளால் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க முடியும். ஆனால் காலடியில் இருக்கும் படி தெரியாது, பக்கத்தில் வருகிற ஸ்கூட்டர் தெரியாது. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரியே அவள், "ஏன்னா, இருக்கறச்சே பார்த்துடணும். ரொம்ப நாளா ஜப்பான் ஜப்பான்னு சொல்லிண்டிருக்கோமே" என்றாள். 2024 நவம்பரில் ஒன்பது நாள், டோக்கியோ மட்டும், எந்தக் குழுவோடும் சேராமல் நாங்கள் இரண்டு பேராகவே போவதென்று முடிவு செய்தோம். குழுவில் போனால் கொடியைப் பிடித்துக்கொண்டு கைடு ஓடுவார். இவளால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டாக்டர் சொன்னபடி மடக்கக்கூடிய வெள்ளைக் கைத்தடி ஒன்று வாங்கியிருந்தோம். இரண்டு வருஷமாக அது பீரோவில் புடவைகளுக்கு அடியில்தான் இருந்தது. "அதை எடுத்துண்டு கோவிலுக்குப் போனா நாலு பேர் என்ன ஏதுன்னு விசாரிப்பா, பரிதாபப்படுவா" என்று ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லை. டோக்கியோவில்தான் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையே என்று பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

ஹனேடா விமான நிலையத்தில் இறங்கியதுமே தரையில் ஒரு மஞ்சள் கோடு கண்ணில் பட்டது. ஓர் அடி அகல ஓடுகள். சிலவற்றில் நீளவாக்கில் மேடான பட்டைகள், சிலவற்றில் புள்ளி புள்ளியாக மேடுகள். பட்டை என்றால் "போ", புள்ளி என்றால் "நில், கவனி". படிக்கட்டு வருகிறது, பாதை திரும்புகிறது, சாலை குறுக்கிடுகிறது என்பதைப் புள்ளிகள் காலுக்குச் சொல்லிவிடும். விமான நிலையம், ரயில் நிலையம், நடைபாதை என்று நாங்கள் போன இடமெல்லாம் இந்தக் கோடு கூடவே வந்தது. இப்போது நம் ஊர் மெட்ரோ நிலையங்களிலும் இதைப் பார்க்கிறோம். இது பிறந்த தேசம் ஜப்பான்தான் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது.

ஒகயாமா என்ற ஊரில் விடுதி நடத்திவந்த மியாகே செய்இச்சி என்பவர், பார்வை இழந்துகொண்டிருந்த தம் நண்பருக்காக 1965ல் இதை யோசித்தார். 1967 மார்ச் 18 அன்று அந்த ஊரின் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே சாலையைக் கடக்கும் இடத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். சிநேகிதனுக்காக ஒருவர் செய்த காரியம் இன்று உலகம் முழுவதும் தரையில் கிடக்கிறது.

முதல் நாள் ஷின்ஜுகு நிலையத்துக்குப் போனோம். தினமும் முப்பது லட்சம் பேருக்கு மேல் புழங்கும் நிலையம். வெளியேறும் வழிகளே இருநூறுக்கு மேல். எனக்கே தலை சுற்றியது. அங்கே இவள் என் கையை விட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து தடியை எடுத்து நீட்டினாள். மஞ்சள் கோட்டின் மேல் நடக்க ஆரம்பித்தாள். எதிரே வந்த ஆபீஸ் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, "ஐயோ பாவம்" என்று முகத்தைச் சுருக்கவில்லை. நான் பத்தடி பின்னால் நடந்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என் கையைப் பிடிக்காமல் ஒரு கூட்டத்தில் நடந்தது அன்றுதான்.

மறுநாளிலிருந்து காதால் ஊர் பார்க்க ஆரம்பித்தோம். டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி யாமனோதே என்று ஒரு வட்ட ரயில் பாதை உண்டு. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல நிலையங்களில் ரயில் கிளம்பும்போது ஒரு சின்ன மெட்டு ஒலிக்கும். எபிசு நிலையத்தில் "தி தேர்ட் மேன்" என்ற பழைய சினிமாவின் இசை, தகாதானோபாபா நிலையத்தில் ஆஸ்ட்ரோ பாய் என்ற கார்ட்டூனின் பாட்டு. பாட்டுக் கற்றுக்கொண்டவள் ஆனதால் இரண்டே நாளில் மெட்டைக் கேட்டே, "இது எபிசு, நாம இறங்க வேண்டியது இன்னும் வரலை" என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான்தான் ஜன்னலில் பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டிருப்பேன்.

நிலையங்களில் படிக்கட்டு இருக்கும் இடத்தில் ஒலிபெருக்கியிலிருந்து பறவைச் சத்தம் வருகிறது. டிக்கெட் வாசலில் மணி ஓசை. பல சாலைச் சந்திப்புகளில் பச்சை விளக்கு எரியும்போது ஒரு திசைக்குக் குஞ்சுப் பறவை கத்துவது போலவும், குறுக்குத் திசைக்குக் குக்கூ என்றும் ஒலி வருகிறது. சாயங்கால வேளையில் பல பேட்டைகளில் பொது ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு கேட்கும். பூகம்பம் போன்ற ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை செய்வதற்கான ஒலிபெருக்கிகள் அவை. தினமும் இப்படி ஒலிக்கவிட்டால் கருவி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். குழந்தைகளும் வீடு திரும்பும் நேரம் ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் மாமிகள் என்னை விடமாட்டார்கள். நம் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முன்னேற்பாடு இல்லாமல் போகக்கூடாது. காய்கறி சூப் என்றாலும், நூடுல்ஸ் என்றாலும் "தாஷி" என்ற சாறு அதில் கலந்திருக்கும். அது பெரும்பாலும் காயவைத்த மீனிலிருந்து எடுப்பது. புத்த மடங்களின் வழக்கப்படி சமைக்கும் ஷோஜின் சாப்பாட்டில் கடல் பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். ஒரு வேளை அதைச் சாப்பிட்டோம். இரண்டு தடவை நிஷி-கசாய் என்ற பேட்டைக்குப் போனோம். 2000ஐ ஒட்டிய காலத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் குடியேறிய இடம் அது. இந்திய மளிகைக் கடைகள், ஹோட்டல்கள் எல்லாம் உண்டு. மற்றபடி கடையில் கிடைக்கும் வெறும் சாதமும் சர்க்கரை போடாத தயிரும், கையோடு கொண்டுபோன பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும்தான்.

கடையில் பால் வாங்கும்போது இவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பால் அட்டைப்பெட்டியின் மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. தடவிப் பார்த்தே இது பால், பழரசம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஹோட்டல் குளியலறையில் ஷாம்பூ பாட்டிலின் பக்கத்தில் வரிவரியாக மேடு. பக்கத்து பாட்டிலில் அது இல்லை. காவோ என்ற கம்பெனி 1991ல் இதை ஆரம்பித்து, மற்றக் கம்பெனிகளும் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டதாம். தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாதவர் யார்? எல்லோருக்கும்தான் அது உதவுகிறது.

கோவில்கள் இரண்டைச் சொல்கிறேன். அசாகுசாவில் இருக்கும் சென்சோ-ஜி 628ஆம் ஆண்டின் கதையைச் சொல்லும் பழைய ஸ்தலம். 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் எரிந்துபோன பிரதான மண்டபத்தை 1958ல் திரும்பக் கட்டினார்கள். முன்னால் பெரிய ஊதுவத்திக் கொப்பரை. எந்த அங்கத்தில் உபாதையோ அங்கே புகையை வாரி விட்டுக்கொள்கிறார்கள். இவள் இரண்டு கையாலும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஃபுகாகாவா ஃபுதோ-தோ. அங்கே தினமும் பல வேளை "கோமா" நடக்கிறது. நம் ஹோமம் என்ற சொல்தான் புத்த மதத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே கோமா ஆகியிருக்கிறது. நடுவில் அக்னி, சுற்றிப் பெரிய பெரிய முரசுகள். மந்திரமும் முரசும் உச்சத்துக்குப் போகும்போது தரையே அதிர்கிறது. பக்தர்கள் தங்கள் கைப்பைகளைக் கொடுக்க, அதை நெருப்பின் மேல் காட்டித் திருப்பித் தருகிறார்கள். 2011ல் கட்டிய புது மண்டபத்தின் வெளிச்சுவர் முழுவதும் சித்தம் என்ற பழைய எழுத்தில் ஸம்ஸ்க்ருத மந்திரம். இவள் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். "அக்னியோட சூடு முகத்துல பட்டுது, முரசு நெஞ்சுல பட்டுது, இதைவிட என்ன தரிசனம் வேணும்?" என்று கேட்டாள்.

கண்ணுக்கும் ஒரு விருந்து கிடைத்தது. டோக்கியோ மாநகர அரசாங்கக் கட்டிடத்தின் 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணம் இல்லாமலே ஊரைப் பார்க்கலாம். வானம் நிர்மலமாக இருந்த காலையில் போனோம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி ஃபூஜி மலை, உச்சியில் பனியோடு. எனக்கு இரண்டு பக்கமும் கட்டிடக் கூட்டம் தெரிந்ததில் மலை சின்னதாகத்தான் பட்டது. இவளோ, "எனக்குத் தெரியற அளவுக்குச் சரியா மலை மட்டும் இருக்கு, வேற ஒண்ணும் இல்லை" என்றாள். கால்மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தாள்.

ஜப்பானில் எல்லாமே ஒழுங்கு என்று சொல்லி முடித்தால் அது நியாயம் ஆகாது. 1973ல் தகாதானோபாபா நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் நடைமேடையிலிருந்து விழுந்து ரயிலில் அடிபட்டு இறந்தார். அவருடைய பெற்றோர் ரயில்வே மீது வழக்குப் போட்டார்கள். சமரசம் ஏற்பட 1986 ஆயிற்று. 2016 ஆகஸ்டில் அவோயாமா-இச்சோமே நிலையத்தில், வழிகாட்டி நாயோடு நடந்த ஒருவரும் அப்படியே விழுந்து இறந்தார். மஞ்சள் ஓடு இருந்தது. தடுப்புக் கதவு இல்லை. அதன்பிறகு கதவுகள் வைப்பதில் வேகம் கூடியது. சத்தம் கொடுக்கும் சிக்னல்கள் பலவற்றை, அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுகிறது என்று ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் பார்த்த வசதிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. யாரோ உயிரைக் கொடுத்த பிறகும், யாரோ விடாமல் கேட்ட பிறகும் வந்தவை அவற்றில் பல.

நம் நாட்டிலும் 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. ஓடுகளும் பதிக்கிறார்கள். சில நடைபாதைகளில் அந்த ஓடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுகிறது, அல்லது அதன் மேல் பைக் நிற்கிறது. ஓட்டைப் பதித்தவருக்கும் வண்டியை நிறுத்தியவருக்கும் அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை போலும்.

கைத்தடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த பிறகு அது பீரோவுக்குப் போகவில்லை. முதல் பிரதோஷத்துக்கே அதை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். நாலு பேர் என்ன, நாற்பது பேர் விசாரித்தார்கள். "க்ளாக்கோமா, பக்கத்துல தெரியாது, அதனால இது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் பிரதட்சிணம் செய்தாள். விசாரித்தவர்களில் இரண்டு பேர் மறுவாரமே கண் டாக்டரிடம் போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது மட்டும் போதாது. குடும்பத்தில் ஒருவருக்கு க்ளாக்கோமா இருந்தால் உடன்பிறந்தவர்களும் குழந்தைகளும் அவசியம் பார்க்கவேண்டும். இரண்டு, காதுக் கருவியோ கைத்தடியோ டாக்டர் கொடுத்தால் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களும் அதை எடுத்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். மூன்று, உங்கள் வீட்டிலும் குடியிருப்பிலும் மாடிப்படியின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பெயின்டில் இரண்டு அங்குலப் பட்டை அடித்துவிடுங்கள். ஒரு சின்ன டப்பா பெயின்ட் போதும். எங்கள் கட்டிடத்தில் போன மாதம் அடித்தாயிற்று. பெயின்ட் வாங்கிவந்தது நான், பட்டை நேராக இருக்கிறதா என்று மேற்பார்வை பார்த்தது அவள்.