தன்னைத் தானே நோகடித்துக்கொள்ளும் பிள்ளை



பிள்ளை ஓடி விழுந்து அடிபட்டு வந்தால் ஓடோடிப் போய் மருந்து போடுகிறோம். அதே பிள்ளை தன் கையாலேயே தன் உடம்பில் காயம் செய்துகொண்டது என்று தெரிந்தால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. “இதற்காகவா உன்னைப் பெற்றேன்?” என்று தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள்; தந்தை பெல்ட்டைத் தேடுகிறார். வளரும் பருவத்துப் பிள்ளைகள் சிலரிடம் காணப்படும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். வெட்கப்படவேண்டிய பேச்சு என்று யாரும் வானொலியை அடைத்துவிட வேண்டாம்.

இப்படிச் செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாவதற்காகச் செய்வதில்லை. துயரமோ அவமானமோ அடக்கமாட்டாமல் பொங்கும்போது, உடம்பின் நோவு மனத்தின் நோவைச் சற்றுநேரம் மறக்கடிக்கிறது. பிறகு வெட்கம் வருகிறது, மறைக்கிறார்கள், பழைய துயரமும் திரும்பி வருகிறது. ஊரார் பார்க்கவேண்டும் என்று நடிக்கிறார்கள் என்போர் உண்டு. நடிப்பவர் எதற்காக மறைக்க வேண்டும்?

துயரத்துக்குக் காரணங்கள் பல. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்மொழியில் பாடம் புரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் குடிச்சண்டை இருக்கும். இரவில் கைத்தொலைபேசி வழியே கேலியும் ஏச்சும் வரும். யாரேனும் அந்தப் பிள்ளையிடம் தகாதமுறையில் நடந்திருக்கவும் கூடும், இதை மறந்துவிடக்கூடாது. 2022ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன.

பெண்பிள்ளைகள் பாஜு கூரோங் அணிந்து பள்ளிக்குப் போவதால் ஆசிரியர் கண்ணில் காயம் படுவது அரிது. வீட்டில், புழுக்கத்திலும் நீண்ட கைச்சட்டையைக் கழற்றாத பிள்ளையைக் கவனியுங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் பெற்றோருக்கு மாலை நேரம்தான் உண்டு. அந்த நேரம் போதும்.

காயத்தைக் கண்டுவிட்டீர்கள். என்ன செய்வது? முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சுத்தமான நீரால் கழுவித் துணி கட்டுங்கள்; ஆழமான காயமானால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். “ரொம்ப வலிக்குதாம்மா? அம்மா திட்டமாட்டேன், சொல்லு” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் அன்றே வராமலும் போகலாம். லயத்தில் நாலு பேர் கூடிய இடத்தில் கையைக் காட்டச் சொல்வதும், பள்ளியில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதும் கூடவே கூடாது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவோரும் உண்டு. சாமி கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சத்தியத்தால் மறைக்கும் சாமர்த்தியம்தான் வளரும்.

“செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தோன்றுகிறது என்று சொன்னால் பிள்ளையைத் தனியே விடாமல், களைக்கொல்லி, பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வைத்து, அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் வந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

மற்றபடி, அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால், வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பார். இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். அவரைத் தனியே சந்தியுங்கள். நள்ளிரவானாலும் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-76272929 என்ற எண்ணிலோ, அரசாங்கத்தின் தாலியான் காசிஹ் 15999 என்ற எண்ணிலோ பேசலாம்.

பழக்கம் ஒரு மாதத்தில் மறைந்துவிடாது. நடுவே மறுபடியும் ஒரு காயம் தென்படலாம். அப்போதும் முதல்நாள் செய்ததையே செய்யுங்கள். கிளினிக் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகும்தான். முன்கூட்டியே கிராணியிடம் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு நீங்களே போய் வாருங்கள்.