மருட்கை என்னும் சொல்



குடமுழுக்குப் பெருவிழாவில் அடியேனைப் பேசப் பணித்த திருப்பணிக் குழுவினர் பெரியதொரு பொருளை எதிர்பார்த்திருத்தல் கூடும். அடியேன் எடுத்துக்கொண்டதோ ஒரே ஒரு சொல்.

மருட்சி என்றால் இன்று அச்சம் என்றே கொள்கின்றோம்; மானின் மருண்ட பார்வை என்கின்றோம். சித்தாந்த நூல்களில் மருள் என்பது தெருளுக்கு மறுதலையாகிய மயக்கம். ஆயினும் தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து அச்சத்தை வேறாகவும் மருட்கையை வேறாகவும் வைத்தார். மருட்கையாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்வழித் தோன்றும். பெருமை கண்டு வியத்தல் யாவர்க்கும் எளிது. நம் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிய குழந்தையும் வியக்கும். சிறுமை எங்ஙனம் வியப்பிற்கு நிலைக்களனாகும்? உரைகாரர் நுண்ணிய பொருள்களைக் காட்டி அமைவர். அடியேன் சேக்கிழார் பெருமானிடம் வேறோர் இடம் காண்கின்றேன்.

கச்சியிலே பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்த காடவர்கோன், அதன் தாபனத்துக்கு நாளும் குறித்துவிட்டான். முதல்நாள் இரவு இறைவன் கனவில் தோன்றி, நாளை தான் திருநின்றவூர்ப் பூசலாரின் கோயிலுக்குச் செல்வதாகவும், அரசன் வேறு நாள் கொள்ளவேண்டும் என்றும் அருளினான். செலவிட்டவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! திருப்பணிக்குப் பொருள் ஈந்த நீங்கள் அறிவீர்கள். ஆனால் அரசன் சினக்கவில்லை. அக்கோயிலைத் தேடிப் புறப்பட்டான். நின்றவூரில் அப்படியொரு கோயிலே இல்லை. பூசலாரிடமே சென்று வினவினான்.

அது கேட்ட அன்பர் மருண்டார் என்கிறார் சேக்கிழார். படையுடன் வந்த வேந்தனைக் கண்ட அச்சம் அன்று இது; கையில் காசில்லாமல் நெஞ்சுக்குள் கட்டிய தம்மையும் இறைவன் எண்ணினானே என்று எழுந்த மருட்கை. தம் சிறுமையே அதற்கு நிலைக்களன். பின்னர் அவர் மனத்தால் கோயில் கட்டிய வரலாற்றைக் கூற, அரசன் எய்தியது அதிசயம். அது அடியவர் பெருமை பற்றியது. ஒரே நிகழ்ச்சியில் இருவர்க்கும் வியப்பு. ஒருவர் தம்மை நோக்கி வியந்தார், மற்றவன் எதிரே நின்றவரை நோக்கி வியந்தான். வியந்தவன் நின்றபடி நில்லாது நிலத்தில் வீழ்ந்து வணங்கினான்.

அவ்வரசனது கற்றளி காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலே என்பர் ஆராய்ச்சியாளர். அங்குச் செல்லும் அன்பர்கள் திருநின்றவூர் இருதயாலீசுவரரையும் வணங்கி வருக.