துணைக்கு ஆள் இல்லாத பயணம்



பயணத்திற்கு ஏற்றது தனிமையா, கூட்டமா என்பது இன்றைய கேள்வி. தனியே போகிறவர் யாரோடும் ஒட்டாதவர் என்று எதிரணியினர் சொன்னார்கள். அதை மறுக்க, பிரான்சு நாட்டுக் கிராமங்களின் வழியே தன்னந்தனியாகச் சைக்கிளில் போகும் ஒருவருடைய ஒரு நாளை உங்கள் முன் வைக்கிறேன்.

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். அதையொட்டி, அட்லாண்டிக் கடல்வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு அடையாளப் பலகைகளோடு சைக்கிள் தடம் இருக்கிறது. அதில் ஓர்லியோன் நகரிலிருந்து புளுவா நகர்வரை ஒரு நாள் ஓட்டம். 1519ல் கட்டத் தொடங்கிய ஷாம்போர் அரண்மனையையும் பார்த்துவிட்டுப் போனால் 70, 80 கிலோமீட்டர் வரும். கூடாரம், படுக்கை, துணிமணி எல்லாம் சைக்கிளிலேயே.

காலையில் முதல் தேவை ரொட்டி. கிராமத்து ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்வது அங்கே மரியாதை. பத்துப் பேர் போனால் ஒருவர் உள்ளே போவார். மற்றவர்கள் வெளியே தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். தனியே போகிறவர் அரைகுறைப் பிரெஞ்சிலாவது வாய் திறந்தே ஆகவேண்டும். இப்போது சொல்லுங்கள், ஊரோடு ஒட்டாதவர் யார்?

நண்பகலில் கிராமத்துக் கடைகள் பல இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூடிவிடும். ஞாயிறு, திங்களில் நாள் முழுக்கத் திறக்காதவையும் உண்டு. ஆகவே பசிக்கும் முன்பே வாங்கி வைக்கவேண்டும். தண்ணீருக்குக் கைகொடுப்பது கல்லறைத் தோட்டத்துக் குழாய். குடிநீர் அல்ல என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துப் பிடிக்கவேண்டும்.

பிற்பகலில் மேற்கிலிருந்து காற்று எதிர்த்து வீசும். கூட்டத்தில் போனால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கலாம். தனியாளுக்கு அந்த வசதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், போல் த விவி என்ற பிரெஞ்சுக்காரரைக் கேளுங்கள். 1853ல் பிறந்து 1930ல் மறைந்த அவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தை நாடெங்கும் பரப்பியவர். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, களைத்துப்போகும்வரை மிதிக்காதே, வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பவை அவர் வகுத்த விதிகளுள் சில. கூட்டத்தில் "என்னால் முடியவில்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர் எத்தனை பேர்! தனியே போகிறவர் யாரிடம் வீம்பு காட்டுவது? முடியாவிட்டால் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்.

மாலையில், ஊராட்சியே நடத்தும் கூடாரத் திடல்கள் பல ஊர்களில் உண்டு. அங்கே, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு, சில வேளைகளில் பக்கத்துக் கூடாரத்தாரின் இரவு உணவில் போய் முடியும்.

விழுந்தால் தூக்க ஆள் உண்டா என்று நடுவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போகவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். இவை ஆபத்தை அடியோடு நீக்கிவிடா, குறைக்கும். மீதியைப் பயணியின் நிதானம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நேயர்களே, நம் வீடுகளில் மகளோ, ஓய்வுபெற்ற அப்பாவோ இப்படிப் போக ஆசைப்பட்டால், "துணைக்கு ஆள் கிடைத்தால் போ" என்கிறோம். ஆளும் கிடைப்பதில்லை, வயதும் நிற்பதில்லை. அதற்குப் பதில் மூன்று கேள்வி கேளுங்கள். வழி தெரியுமா? இன்றிரவு எங்கே தங்குவாய்? எத்தனை மணிக்குத் தொலைபேசியில் அழைப்பாய்? மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால், மனநிறைவோடு வழியனுப்புங்கள் என்று கேட்டு அமைகிறேன்.